சாத்திய கதவுக்குள் ஒரு தையல்

வாருங்கள், இந்த அநீதியை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பட்டப்பகலில் ஒரு வீட்டின் கதவும் சன்னலும் சாத்திக் கிடக்கின்றன. உள்ளே ஒரு தாய் துணிப் பொம்மைகளுக்குப் பஞ்சு அடைக்கிறாள். அவள் கணவன் அவற்றின் தலையில் கம்பளி நூலால் முடி தைக்கிறான். அவளைவிட அவன் கை நேர்த்தியானது. ஆனால் அவன் ஊசி பிடிப்பது தெருவுக்குத் தெரியக்கூடாதாம். அந்த மானத்தைக் காப்பதற்காகக் கைக்குழந்தை புழுக்கத்தில் வியர்த்து அழுகிறது.

அழுகை பொறுக்காமல் மூத்த மகள் கதவைத் திறந்தாள். வாசலில் கணவனின் அண்ணன் நின்றார். கணவன் கையிலிருந்த பொம்மையைச் சட்டென்று மனைவியின் மடியில் எறிந்தான். அதிலிருந்த ஊசி அவள் விரலில் ஏறியது.

"என்னடா, கதவச் சாத்திட்டு என்ன பண்ற?" என்றார் அண்ணன்.

"சும்மாதாண்ணே. இவதான் ஏதோ தைக்கிறா."

"பொய் சொல்லாதீங்கப்பா," என்றாள் மகள். "பெரியப்பா, இந்தப் பின்னல் எல்லாம் அப்பா போட்டது. அம்மா போட்டா எலிவால் மாதிரி இருக்கும்."

அண்ணன் சிரித்தார். "அப்போ தம்பிக்கு வளையல் வாங்கித் தரவா?"

மனைவி விரலைத் துடைத்துக்கொண்டாள். "வளையல் வேணாம் மாமா, கண்ணாடி வாங்கிக் குடுங்க. நூல் கோக்கத்தான் தடுமாறுறாரு." பிறகு பொம்மையைக் கணவனிடமே நீட்டினாள். "குழந்தைக்குக் காத்து வேணும். கதவு திறந்தே இருக்கட்டும், நீங்க தைங்க."

அவன் அண்ணனைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். பிறகு பொம்மையை வாங்கி, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினான்.

ஆண்களே, மறைவில் செய்யும் வீட்டு வேலையை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். சிரிப்பவர் சிரிக்கட்டும், நீங்கள் ஊசியைக் கீழே போடாதீர்கள்.