பொட்டலத்தில் வந்த யோசனை

திங்கட்கிழமை காலைகளில் சிவதாணு யாரோடும் பேசமாட்டார். அன்றுதான் தமிழ்ப் பேப்பரோடு பணத்தைப் பற்றிய இணைப்பு வரும். கரமனை வாடகை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, சிவப்புப் பென்சிலால் வரி வரியாகக் கோடு போடுவார். பிடித்த இடத்தில் ஓரமாக 'மிகச் சரி' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் இடுவார். ஆபீசில் அவர் எழுதியதை எல்லாம் மேலே உள்ளவர்கள்தான் சரி பார்த்தார்கள். வீட்டில் நாட்டின் பொருளாதாரத்தை அவர் சரி பார்த்தார்.

படித்ததை நடைமுறைப்படுத்தவும் தவறமாட்டார். வெளியே காபி குடிப்பதை நிறுத்தினால் வயதான காலத்தில் பணக்காரராகலாம் என்று ஒரு வாரம் வந்தது. அவர் வெளியே காபி குடிப்பதில்லை. எனவே வீட்டுக் காபியை நிறுத்தினார். இரண்டே நாளில் வெளியே குடிக்க ஆரம்பித்தார்.

அவர் மனைவி கௌசல்யாவும் படிப்பவள்தான். ஆனால் படித்து முடித்த பேப்பரை அவர் மூலையில் அடுக்கிவிடுவார். அடுக்கைத் தொட்டால் சத்தம் போடுவார். அடுக்கு முழங்காலுக்கு மேல் போனதும் தெருமுனையில் இசக்கியின் பலசரக்குக் கடைக்கு எடைக்குப் போகும். அவருடைய படிப்பால் வீட்டுக்கு உறுதியாக வந்த வருமானம் அந்தக் காசு ஒன்றுதான். இசக்கி கடையில் பேப்பர் கிழிபட்டு, மல்லியையும் கடுகையும் சுற்றிக்கொண்டு அவளிடமே திரும்பி வரும். சாமானை டப்பாவில் தட்டிவிட்டு, காகிதத்தை நீவி, உலை கொதிக்கும்வரை அதைப் படிப்பாள். மலையாளிகள் நிறைந்த அந்தத் தெருவில் தமிழ்ப் பேப்பர் வாங்குகிற வீடு அது ஒன்றுதான். அதனால் பொட்டலத்தில் தமிழ் தெரிந்தால் அது தன் வீட்டுக் காகிதம் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் இந்த வாரத்து யோசனையைப் படித்தார். அவள் போன வருஷத்து யோசனையைப் படித்தாள். அந்த யோசனைக்கு என்ன கதி ஆயிற்று என்பதும் அதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும்.

தொண்ணூற்றேழில் சிவதாணு ரிட்டையர் ஆனார். பி.எஃப். பணம் கைக்கு வந்த அதே வாரம் வீட்டுக்காரி அம்மிணி வந்து வாசலில் நின்றாள்.

"கௌசல்யே, நான் பரோடாவுக்கு மகள்கிட்டே போறேன். இந்த வீடு முதல்லே நிங்களுக்குத்தான். ஓணம் கழிஞ்சா வேற ஆளைப் பார்ப்பேன், கேட்டோ."

அம்மிணி சொன்ன விலைக்கும் வந்த பணத்துக்கும் ஏறக்குறைய சரியாக இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அம்மியையும் குழவியையும் சுமந்துகொண்டு வீடு வீடாக மாறியவள் கௌசல்யா. அன்று ராத்திரிச் சோற்றுக்கு அப்பளம் பொரித்தாள்.

"வீடுங்கிறது தூங்குற பணம்ட்டீ," என்றார் சிவதாணு, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "தேக்கு அப்படி இல்ல. நாம தூங்குறப்பவும் அது வளரும்."

"தூங்குறதுக்கு ஒரு வீடு வேண்டாமா?"

"உனக்குச் சொன்னா மனசிலாகாது."

தேக்குத் தோட்டக் கம்பெனி ஒன்று, இன்று ஒரு கன்றுக்குப் பணம் கட்டினால் பிற்காலத்தில் மரத்தின் விலையைத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பணப்பக்கத்தில் எழுதும், டை கட்டிய நிபுணரும் அதைப் புகழ்ந்திருந்தார். கம்பெனி ஏஜெண்ட் சத்தியநேசன் ஜீப்பில் வித்துரா தாண்டி அழைத்துப் போய் மரங்களைக் காட்டியிருந்தான்.

"ஒவ்வொண்ணும் ரெண்டு பேரு கட்டிப்பிடிக்கிற தண்டி!" என்றார் சிவதாணு.

"பொன்முடி போற வழியிலயா? உங்க ஆபீஸ் டூர் போனப்போ அந்த மரத்தடியிலதான சோறு தின்னோம். அது சர்க்கார் மரம்லா?"

"அது மாதிரி வளரும்னுதான் காட்டினான்," என்றார். அதற்கு மேல் அப்பளம் கேட்கவில்லை.

சத்தியநேசன் சனிக்கிழமை சாயங்காலம் செக் வாங்க வருவதாக ஏற்பாடு. அன்று காலை கௌசல்யா கடுகு வாங்கி வந்தாள். டப்பாவில் தட்டிவிட்டுக் காகிதத்தை நீவினாள். போன வருஷத்துப் பணப்பக்கம். படத்தில் அதே நிபுணர், அதே டை. ஒரு பைனான்ஸ் கம்பெனியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று எழுதியிருந்தார். பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. ஓரத்தில் 'மிகச் சரி', கீழே கையெழுத்து. ஆறே மாதத்தில் ஷட்டரை இழுத்துப் பூட்டிய அந்தக் கம்பெனிக்குள்தான் அவளுடைய இரண்டு வளையல்களும் போயின. கேட்டதற்கு சர்க்காரின் கொள்கை சரியில்லை என்று சொல்லிவிட்டார் சிவதாணு.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போடலாம்தான். ஆனால் வாயால் சொல்வதை அவர் நம்பமாட்டார். அச்சில் இருந்தால்தான் நம்புவார். யோசித்தபடியே அவள் கடலை வறுத்தாள்.

சாயங்காலம் சத்தியநேசன் வந்தான். கௌசல்யா கடலையை அந்தக் காகிதத்திலேயே கொட்டி இருவருக்கும் நடுவில் வைத்தாள். "தட்டெல்லாம் கழுவப் போட்டிருக்கு. ஒண்ணும் நெனச்சுக்காதீங்க," என்றாள்.

சத்தியநேசன் ஒரு கை அள்ளினான். கடலைக்கு அடியிலிருந்து டை தெரிந்தது.

"சாரே! நம்ம தேக்கைப் பத்தி எழுதின அதே ஆளு!" குனிந்து பார்த்தவன் முகம் மலர்ந்துபோனது. "இது உங்க கையெழுத்துல்லா? பாத்தீங்களா, அப்பவே இவரை நீங்க நம்பியிருக்கீங்க! அக்கா, பாருங்க. 'மிகச் சரி'ன்னு எழுதியிருக்காரு!"

"நான் பாத்தேன்," என்றாள் கௌசல்யா.

சிவதாணு தலைப்பைப் படித்தார். பிறகு கடலையை ஒவ்வொன்றாக நகர்த்தித் தன் கையெழுத்தின் மேல் சேர்த்தார். சத்தியநேசன் எடுத்து எடுத்துத் தின்றதில் கையெழுத்து திரும்பத் திரும்ப வெளியே வந்துகொண்டிருந்தது.

"காலம் சரியில்ல, சத்தியநேசா," என்றார் கடைசியில். "ஓணம் கழியட்டும். பாப்போம்."

"ஓணம் கழிஞ்சா அம்மிணிச் சேச்சி வேற ஆளைப் பாப்பா," என்றாள் கௌசல்யா.

சத்தியநேசன் கடலை தீர்ந்ததும் புறப்பட்டான்.

மறுநாள் விடிந்ததும் சிவதாணு சட்டை போட்டுக்கொண்டு அம்மிணி வீட்டுக்குப் போனார். சொந்த வீட்டில் பணம் போடுவதன் நன்மைகளை விற்கிறவளுக்கே விளக்கிச் சொன்னார். குறைத்துச் சொல்லிவிட்டோமோ என்று அம்மிணி பயந்துபோய் விலையைக் கொஞ்சம் கூட்டினாள். அந்தக் கூட்டின தொகைக்குக் கௌசல்யாவின் கம்மல் போயிற்று. வீடு அவர்களுடையதாயிற்று.

தேக்குக் கம்பெனியும் ஒரு நாள் பூட்டிக்கொண்டது. "நான் அப்பவே சொன்னேன்," என்று சிவதாணு தெருவெல்லாம் சொன்னார். "ஆமா, சொன்னீங்க," என்றாள் கௌசல்யா. நிபுணரின் படம் எப்போதும்போலத் திங்கட்கிழமைகளில் வந்துகொண்டிருந்தது. தலைமுடி மட்டும் கொஞ்சம் நரைத்திருந்தது.

இரண்டாயிரத்து மூன்றில், மழைக்காலத்து ஒரு திங்கட்கிழமை, சிவதாணு நாற்காலியிலேயே இறந்துபோனார். பென்சில் கீழே உருண்டு கிடந்தது. பதினாறு கழிந்ததும், மூலையில் இருந்த அடுக்கை இசக்கி வந்து எடுத்துப்போனான். எடை போட்டுக் காசு கொடுக்கும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு பொட்டலங்கள் வரத் தொடங்கின. மல்லியில் ஒரு 'மிகச் சரி', சீரகத்தில் ஒரு 'மிகச் சரி'. ஒரு நாள் கடுகைத் தட்டிவிட்டுக் காகிதத்தை நீவியபோது, வாடகை வீடா சொந்த வீடா என்று ஒரு கட்டுரை. சொந்த வீடே நல்லது என்று நரைத்த நிபுணர் முடிவாகச் சொல்லியிருந்தார். ஓரத்தில் சிவப்பு எழுத்து: 'மிகச் சரி. இதை நான் 97-லேயே சொல்லிவிட்டேன்.' கீழே கையெழுத்து, தேதி.

"யாரு? நீங்களா?" என்று கௌசல்யா வாய்விட்டுக் கேட்டாள். அவர் வாங்கிய அந்த வீட்டில் அப்போது அவளைத் தவிர யாரும் இல்லை. சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அடுப்பில் உலை பொங்கி வழிந்துவிட்டது.

மறுநாள் அவள் கடையில் போய் நின்றாள்.

"கடுகு அம்பது கிராம்."

"நேத்துதான வாங்கினீங்க, அக்கா?" என்றான் இசக்கி. "இப்படிச் சில்லறையா வாங்குறதுக்கு மொத்தமா கால் கிலோ வாங்கினா லாபம்லா?"

"தெரியும்டே. அம்பதே போதும். தமிழ்ப் பேப்பர்ல கட்டு."