ஆறு மணி விசில்

மனித குலத்துக்கே நிதானம் கற்றுத்தர ஒரு மகான் தன் வீட்டில் அவதரித்திருப்பதாக ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தெருவுக்கே அறிவித்தார். அந்த மகான் அவருடைய பேத்தி. பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை.

குழந்தை அழாது. பாலுக்கும் தட்டித் தட்டி எழுப்ப வேண்டும். அது படுத்திருந்த அறையில் மின்விசிறியின் இறக்கைகளை அது ஓடும்போதே எண்ணலாம். குழாயில் திரண்ட சொட்டு தரையைத் தொடுவதற்குள் ஒரு வாளித் துணியை அலசிவிடலாம். தலைமையாசிரியருக்கு அந்த அறை பிடித்துப்போயிற்று. அங்கே உட்கார்ந்தால் ஒருதரம் மழித்த தாடை ஒரு வாரத்துக்கு மழமழவென்று இருந்தது. மெத்தை வைத்த நாற்காலியை உள்ளே போட்டு, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நிதானத்தைப் பற்றி உரையாற்றினார். முதல் வாக்கியம் முடியவே ஒரு பொழுது ஆனது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் என்றார்கள் பழைய மாணவர்கள்.

மருமகள் பஸ் கண்டக்டர். குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தபோது டாக்டரம்மா அவளிடம் சுற்றி வளைக்கவில்லை. "தைராய்டு சரியா சுரக்கலை. தினம் ஒரு மாத்திரை. ரெண்டு ஸ்பூனுக்கு நடுவுல நசுக்கி, கொஞ்சம் தாய்ப்பால்ல கலந்து குடுங்க. ஒரு நாள் விடாதீங்க. தள்ளிப்போட்டா மூளை வளர்ச்சிதான் அடிபடும்."

"மகானுக்கு மாத்திரையா?" என்று சிரித்தார் மாமனார். மறுநாள் மாத்திரை அட்டையைக் காணோம். அவருடைய நாற்காலி மெத்தைக்கு அடியில் கிடைத்தது.

அன்றிலிருந்து பிரசவ விடுப்பிலும் அவள் கண்டக்டர் தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நடமாடினாள், தூங்கும்போதும் கழற்றவில்லை. மாத்திரை அதற்குள். விடிந்து ஆறு மணிக்கு, மாத்திரை நேரமென்று விசில் ஊதுவாள்.

"எந்திரிங்க மாமா, கடைசி ஸ்டாப்பு."

"நான் இந்த வீட்டுக்குப் பெரியவன்மா."

"பெரியவங்களுக்கும் டிக்கெட் இருந்தாத்தான் சீட்டு. வழியை விடுங்க."

அவள் கணவன், வழக்கம்போல, ரெண்டு பேர் சொல்வதும் சரி என்றான். அன்று முதல் அவன் சோற்றை அவனே போட்டுக்கொண்டான்.

பிறந்த பதினெட்டாம் நாள், விசிலுக்குக் குழந்தை வீறிட்டது. அந்தரத்தில் நின்றிருந்த சொட்டுகளெல்லாம் ஒரே நொடியில் விழுந்து அறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. விசிறிக் காற்றில் நாட்காட்டித் தாள்கள் கிழிந்து பறந்து சரியான தேதிக்கு வந்தன. குழந்தையும் தேக்கி வைத்திருந்ததையெல்லாம் இறக்கி வைத்தது, தாத்தா மடியில்.

மந்தம் சும்மா போகாது. ஏறிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அது நாற்காலியில் ஏறிக்கொண்டது.

வளர வளர ரத்தம் பார்த்து மாத்திரையின் அளவை மாற்றினார்கள். பெண் தவழ்ந்தாள், ஓடினாள். ஏழு வயதில் மாத்திரையைத் தானே விழுங்கிவிட்டு விசிலையும் தானே ஊதுகிறாள். வாயும் அம்மாவின் வாய்தான். "தாத்தா, இறங்குறீங்களா இல்லையா?" என்று அதட்டுகிறாள். தலைமையாசிரியர் நாற்காலியை விடுவதாக இல்லை. அதில் உட்கார்ந்த நாளிலிருந்து அவருக்கு வயது ஏறவில்லை. எழுந்திருக்க மட்டும் முக்கால் மணி நேரம் ஆகிறது. கழிப்பறைக்கு நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. மெத்தை உறையை மருமகள் தொடுவதில்லை, அவரே துவைக்கிறார்.