டெல்மர் கிரீஸ் தடவிய காலை

...துரு இவ்வளவு ஏறியிருக்கும் என்று டெல்மர் நினைக்கவில்லை, ஒரே ஒரு குளிர்காலம்தானே, இலை உதிர்கிற சமயத்தில் குதிரைகளுக்கு லாடம் மாற்றக் கூட்டிப்போய் வந்தது, அதற்கப்புறம் இந்தப் பிக்கப் வண்டியின் பின்பக்கம் அவன் வரவே இல்லை, பின்பக்கம் என்ன பின்பக்கம், இந்த வாரம் வரைக்கும் கொட்டகைப் பக்கமே வரவில்லை, சொல்லப்போனால் படுக்கையறைக் கதவைத் தாண்டி வந்ததே எத்தனை தடவை... கம்பி பிரஷ்ஷால் இழுக்க இழுக்க டிரெய்லரை மாட்டுகிற அந்த இரும்புக் குண்டிலிருந்து செம்பழுப்பாகத் தூள் கொட்டியது, போன வருஷத்துக் கிரீஸ் மண்ணும் வைக்கோல் தூசியும் சேர்ந்து அடியில் கறுப்பு மெழுகாக இறுகிக் கிடந்தது, அதை ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினான். கையில் பிடித்தால் கைக்குள் அடங்கிவிடும், எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான், இதன் மேல்தான் டிரெய்லரின் கிண்ணம் வந்து உட்காரவேண்டும், இதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு குதிரைகளும் சேணங்களும் கோரினின் துணிப் பெட்டிகளும் தையல் மெஷினும் பில்லிங்ஸ் வரைக்கும் போகவேண்டும். பில்லிங்ஸில் அவளுடைய அக்கா இருக்கிறாள், அக்கா வீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறதாம், வேலி போட்ட இடம். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று கோரின் சொன்னாள். கொஞ்ச நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போகிற பெண்டாட்டி யாராவது குதிரைகளையும் கூட்டிக்கொண்டு போவாளா?

காற்று மேற்கிலிருந்து விடாமல் அடித்தது, வேலியோரம் இன்னும் அழுக்குப் பனி திட்டுத் திட்டாகக் கிடக்க, மற்ற இடமெல்லாம் சேறு, பூட்ஸில் ஒட்டிக்கொண்டு வருகிற சேறு. உப்புத்தாளை எடுத்துக் குண்டைச் சுற்றித் தேய்த்தான், தேய்க்கத் தேய்க்க அடியில் வெள்ளை இரும்பு தெரிய ஆரம்பித்தது, இவ்வளவு பளபளப்பு எதற்கு, எப்படியும் கிரீஸ் பூசி மூடத்தானே போகிறோம், ஆனாலும் கை நிற்கவில்லை. சிலர் கிரீஸே போடக்கூடாது என்பார்கள், மண்ணைப் பிடித்துக்கொண்டு அதுவே இரும்பைத் தின்றுவிடும் என்பார்கள், பக்கத்துப் பண்ணை வெண்டல் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை, தீவனக் கடையில் பத்துப் பேர் முன்னால் வைத்து, "ஏம்ப்பா டெல்மர், உன் டிரெய்லர் வளைவுல கிறீச்சுனு திரும்பினா என் கோழியெல்லாம் முட்டை போடறத நிறுத்திடுதுப்பா, கொஞ்சம் கிரீஸ் வாங்கித் தரட்டுமா, இல்ல அதுக்கும் உன் பெண்டாட்டிகிட்டதான் கேக்கணுமா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தான். டெல்மரும் சிரித்தான். அப்போதெல்லாம் சிரிக்க வந்தது. அன்றைக்கே ஒரு டப்பா வாங்கிவந்து அள்ளி அப்பியதில், மறுநாள் சந்தைத் திருவிழாவுக்குக் கிளம்பும்போது கோரின் தன் வெளிர் நிறக் கால்சட்டையோடு பிக்கப்பின் பின்னால் சுற்றிவந்து முழங்காலை நேராகக் குண்டிலேயே இடித்துக்கொண்டாள், வட்டமாக, கறுப்பாக, முத்திரை குத்தியதுபோல. கத்துவாள் என்று பார்த்தான், அவளோ நாள் முழுக்கப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காலைக் காட்டி, "எங்க வீட்டு மாட்டுக்கெல்லாம் சூடு போட்டாச்சு, நான்தான் பாக்கியிருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே திரிந்தாள்... அந்தப் பெண் எப்போது போனாள்? அவளும் இவளும் ஒருத்திதானா? இல்லை, அவள் அப்படியேதான் இருக்கிறாள், மாறியது நீதான், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன் நீதான், பனிப்புயலில் தண்ணீர்த் தொட்டியின் பனிக்கட்டியைக் கோடாலியால் உடைக்க அவள் வெளியே போவது கேட்டும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டவன் நீதான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை அலமாரியிலேயே இருந்தது. "ஒண்ணாவது போட்டுப் பாரேன் டெல்மர்" என்றாள், அப்புறம் அதையும் சொல்வதை விட்டுவிட்டாள்.

டிரெய்லரின் மூக்கு கொட்டகையை ஒட்டி நின்றது. மண்டி போட்டு, குனிந்து, கிண்ணத்தின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்தான், விரலை விட்டு உள்ளே இருக்கிற நாக்கைத் தடவிப் பார்த்தான், குண்டுக்கு அடியில் போய் அதை விடாமல் கவ்விக்கொள்கிற நாக்கு. விரலில் ஏதோ தட்டியது. தேய்மானமா? ஓரத்தில் லேசாக வழுக்குகிறதே... டார்ச் அடித்துப் பார்த்தான், தேய்ந்தது போலவும் இருந்தது, புதிதிலிருந்தே அப்படித்தான் போலவும் இருந்தது. தேய்ந்திருந்தால் மாற்றவேண்டும், மாற்றச் சாமான் வேண்டும், இன்றைக்கு ஞாயிறு, கடை கிடையாது, நாளைக்குப் போய்க் கேட்டால் இல்லை, வரவழைக்கணும் என்பான், ஒரு வாரம் ஆகலாம், ஒரு வாரத்தில் என்னவெல்லாமோ ஆகலாம்... பொய் இல்லையே இது, விரலில் தட்டுகிறதே, குதிரைகள் இருக்கிற வண்டி, அவள் தனியாக ஓட்டுகிற வண்டி, சந்தேகம் என்றால் சொல்வதுதானே முறை? ஆனால் இது சந்தேகம்தானா, இல்லை ஆசையா, தன் விரலையே நம்ப முடியாத ஒரு ஆள் எதைச் சொல்லி யாரை நிறுத்துவது?

"முடிஞ்சுதா?" கோரின் பின்னால் வந்து நின்றிருந்தாள், கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, கண்கள் வீங்கியிருந்தன, தூங்கவில்லைபோல.

"கிட்டத்தட்ட. இந்த நாக்கு இருக்கில்ல..."

"என்ன அதுக்கு?"

அவள் காத்திருந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் அவளுடைய பூட்ஸைப் பார்த்தான், சேறு படிந்த பூட்ஸ், இந்தக் குளிர்காலம் முழுக்க அவனுடைய வேலையையும் சேர்த்துச் செய்த பூட்ஸ். கொஞ்சம் அதிக நேரமே காத்திருந்தாள், இல்லையா?

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு. கிரீஸ் போட்டுட்டா போதும்" என்றான்.

"சரி" என்றாள் அவள்.

டப்பாவைத் திறந்து இரண்டு விரலால் அள்ளிக் குண்டின் மேல் வைத்தான், உச்சியிலிருந்து கழுத்து வரைக்கும் சுற்றிச் சுற்றி, ரொம்பவும் இல்லாமல் குறையாகவும் இல்லாமல், கிண்ணத்துக்குள்ளும் ஒரு பூச்சு, நாக்குக்கும் ஒரு பூச்சு. கோரின் பிக்கப்பைப் பின்னால் எடுத்தாள், அவன் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னான், இன்னும், இன்னும், கொஞ்சம் இடது, போதும், போதும். மூக்கைத் தாங்கி நிற்கிற ஜாக்கிக் காலின் கைப்பிடியைச் சுற்ற, டிரெய்லர் மெல்ல இறங்கி, கிண்ணம் குண்டின் மேல் சத்தமே இல்லாமல் வழுக்கி உட்கார்ந்தது. பூட்டை மடக்கினான், ஆணியைப் போட்டான், சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினான், விளக்கு ஒயரைச் செருகினான். அப்புறம் கைப்பிடியைத் திருப்பிச் சுற்றினான், சோதனைக்கு, நாக்கு பிடிக்கவில்லையென்றால் கிண்ணம் மட்டும் மேலே கிளம்பி வந்துவிடும், வா, வந்துவிடு, வந்துவிடேன் என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது, அவன் வாழ்க்கையில் ஒரு இயந்திரம் கெட்டுப்போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. பிக்கப்பின் பின்பாகம் டிரெய்லரோடு சேர்ந்தே எழும்பியது. அசைக்க முடியாத பிடி. இறக்கிவிட்டான்.

குதிரைகளில் ஜூனிபர் தானாகவே ஏறிவிட்டது. கிழவன் பிஸ்கட்தான் பலகையில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றுகொண்டான், கோரின் கயிற்றை இழுக்க, காதைப் பின்னால் மடித்தான். டெல்மர் போய்க் கழுத்தில் கை வைத்தான், "போடா மடையா, அங்க உனக்குப் பச்சைப் புல் கிடைக்கும், இங்க என்ன இருக்கு?" என்று காதோரம் சொன்னான், பிஸ்கட் பெருமூச்சு விட்டு அவன் பின்னாலேயே ஏறிப்போனான். உள்ளே குதிரையின் சூட்டில், வைக்கோல் வாசனையில், ஒரு கணம் அப்படியே நின்றுகொண்டான், இறங்காமலே இருந்துவிட்டால்? கதவைச் சாத்திவிடுவாளா? அப்படியே கூட்டிக்கொண்டு போய்விடுவாளா? இறங்கினான். கதவைச் சாத்திக் கொண்டியை அவனே போட்டான்.

கோரின் ஓட்டுநர் கதவைப் பிடித்தபடி டிரெய்லரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள், காற்று நிரப்பிய டயர்கள், துடைத்த விளக்குகள், கழுவின தரை. "டயரும் நீதானா?"

"ஆமா. வெள்ளிக்கிழமை."

"ம்." கையுறையைக் கழற்றினாள், மறுபடி போட்டுக்கொண்டாள். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. குளிர்காலம் முழுக்க உன்னைக் கட்டில விட்டு எழுப்ப என்னால முடியல டெல்மர். கெஞ்சினேன், கத்தினேன், அழுதேன். போறேன்னு சொன்ன மறுநாள் காலையில நான் எழுந்திரிக்கறதுக்குள்ள நீ எழுந்து காபி போட்டு வச்சிருந்தே."

"நீ பத்திரமா போய்ச் சேரணும்னுதான்..."

"தெரியும்" என்றாள். தெரியும் என்று சொன்ன விதத்தில் அவள் வேறு எதையோதான் தெரிந்துவைத்திருந்தாள். அவன் கன்னத்தில் கையுறையோடு ஒரு தடவை தொட்டாள், ஏறிக்கொண்டாள். வண்டி சேற்றிலிருந்து கிளம்பி, வாசல் தரையில் மாடு தாண்டாமலிருக்கப் பதித்த கம்பிகளைத் தாண்டி, சரளைப் பாதையில் ஏறியது, டிரெய்லர் பின்னாலேயே பணிவாகத் திரும்பியது, மேட்டைக் கடந்ததும் தூசிகூட இல்லை.

இல்லை, அவள் நினைக்கிறது தப்பு, அவளுக்காகத்தான் எழுந்தான், வேறு எதற்காக, வழியில் ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று, அவள் இருந்தவரைக்கும் எழ ஒரு காரணம் வேண்டியிருக்கவில்லையா, அவள் இருந்ததே காரணமாக இருந்திருக்கவேண்டாமா, ஒவ்வொரு காலையும் அவள் அறைவாசலில் வந்து நின்று பார்த்த பார்வை, எழுந்துவிடுவானோ என்று நம்பிய அந்தப் பார்வை, அதைத்தான் தாங்க முடியவில்லையோ, அது போகிறது என்றதும்தான் உடம்பு லேசானதோ... சீ, என்ன நினைப்பு இது. கைகளைப் பேன்ட்டில் துடைத்தான், கிரீஸ் போகவில்லை, பரவியது. வீட்டுப் பக்கம் திரும்பினான், நடந்தான், அடுப்படிக் கதவில் கை வைத்தபோதுதான் அது என்னவென்று புரிந்தது, வயிற்றுக்குள் காலையிலிருந்தே ஏதோ பிசைந்துகொண்டிருந்ததை அவன் துக்கம் என்றே நினைத்திருந்தான். பசி. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவனுக்கு நன்றாகப் பசித்தது, கதவைத் திறக்கப் பயந்துகொண்டு அவன் வெளியிலேயே நின்றான்.