பாலத்துச் சுவரில் ஒட்டிய கண்ணாடி

பௌர்ணமி அன்று மதியம் ஒன்றரை மணிக்கு, அடி அண்ணாமலை வாய்க்கால் பாலத்தின் மேல் பஸ் போகலாம் என்று நான் கையெழுத்துப் போட்டேன். அதைப் படம் பிடித்து மேலதிகாரிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். இரண்டு மணிக்கு, அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

என் பெயர் வினோதினி. உதவிப் பொறியாளர். எனக்குப் பொறுமை கிடையாது. இதை என் அம்மா கல்யாணத் தரகரிடமே முன்கூட்டிச் சொல்லி வைத்திருக்கிறாள்.

பாலம் சின்னது. வெள்ளைக்காரன் காலத்தில் வாய்க்கால் வெட்டியபோது மாட்டு வண்டிக்காகக் கட்டியது. வளைவின் நடுக்கல்லில் 1889 என்று செதுக்கியிருக்கிறது. இருபது எட்டு வைத்தால் அந்தக் கரைக்குப் போய்விடலாம். கிரிவலப் பாதையிலிருந்து தற்காலிகப் பஸ் நிலையத்துக்கு அதுதான் குறுக்கு வழி. நடந்து போகிறவர்கள் போதாதென்று இந்தப் பௌர்ணமிக்கு பஸ்ஸும் விடுவதாக இருந்தார்கள். ஒரு பஸ்ஸுக்கு எழுபது பேர், எண்பது பேர். விடலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவள் நான்.

மூன்று மாதம் முன்பு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு விரிசலைப் பார்த்திருந்தேன். கீழே வளைவிலிருந்து ஏறி வந்திருந்தது. அது பழசா, இன்னும் வளர்கிறதா என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமென்ட் வைத்து ஒட்டிவிட வேண்டும். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். முழுசாக இருந்தால் பாலம் அசையவில்லை என்று அர்த்தம். ஒட்டினேன். பக்கத்தில் பெயிண்டால் தேதி எழுதினேன். மதகு திறந்து மூடுகிற லஸ்கர் முருகையனைக் கூப்பிட்டு, "இந்தக் கண்ணாடியப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். எதற்கு என்று கேட்க அவர் வாயெடுத்தார். நான் ஜீப்பைக் கிளப்பச் சொல்லிவிட்டேன்.

இன்று வந்து பார்த்தபோது கண்ணாடி முழுசாக இருந்தது. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். முதல் பஸ் வரும்வரை பாலத்தின் இந்தக் கோடியில் இருந்த ரேணுகாம்பாள் டீக்கடையில் உட்கார்ந்தேன். முருகையன் செருப்பில்லாத காலோடு, தோளில் துண்டோடு, கொஞ்சம் தள்ளி நின்றார். என் எதிரே அவர் உட்கார மாட்டார்.

வெயில் பட்டுக் கண்ணாடி மின்னியது. மூன்று மாத மழைக் கறையும் புழுதியும் அதன் மேல் துளிகூட இல்லை. பாராட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"நேத்து ஒட்டின மாதிரி இருக்கே முருகையன். தினம் தொடைக்கிறீங்களா?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். ரேணுகாம்பாள் டீயை ஆற்றிக்கொண்டே முந்திக்கொண்டாள்.

"தொடைக்கிறதா! எத்தினி வாட்டி மாத்தியிருக்காரு, கேளுங்க மேடம். சாமி படத்துக்குக் கண்ணாடி போடற கடைக்காரன் இவரப் பாத்தாலே அளவு கேக்காம வெட்டித் தரானாம்."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எத்தனை தடவை?"

"மூணு வாட்டி மேடம்" என்றார் முருகையன். "தானாவே உடைஞ்சி ரோட்ல உழுந்துடுது. ஜனங்க வெறுங்கால்ல மலை சுத்த வராங்க, குத்திடுச்சின்னா? அதான் உடனே வாரிப் போட்டுட்டு புதுசு ஒட்டிடறேன். நீங்க பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனீங்க இல்ல?"

"கடைசியா எப்ப ஒட்டினீங்க?"

"போன வெள்ளிக்கெழம. கரும்பு டிராக்டர் ஒண்ணு போச்சி. அதுக்கப்புறம் பாத்தா ரெண்டா கெடக்குது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் தரையைப் பார்த்தார். "திட்டுவீங்கன்னுதான் மேடம்."

எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மேலதிகாரிக்கு போன் போட்டேன். கட் செய்தார். மறுபடி போட்டேன். கூட்டத்தில் இருக்கிறேன் என்று பதில் வந்தது. மூன்றாவது முறை டயல் செய்யும்போது ஹாரன் கேட்டது. வேங்கிக்கால் பக்கமிருந்து வந்த பஸ் பாலத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. படியில்கூட ஆள் தொங்கியது.

ஓடினேன். செருப்பு ஒன்று கழன்று எங்கோ போனது. பாலத்தின் நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். டிரைவர் பிரேக் போட்டார். பஸ் நின்றது, ஆனால் முன் சக்கரம் இரண்டும் பாலத்தின் மேல் ஏறிவிட்டிருந்தன.

"இன்னா மேடம், நடு ரோட்ல?" அவர் தலையை வெளியே நீட்டினார். "போலாம்னு பொறியாளரே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. எங்க டிப்போவுக்கு பேப்பர் வந்துடுச்சி."

"அந்தக் கையெழுத்து என்னுது. தப்பாப் போட்டுட்டேன். பின்னாடி எடுங்க."

"பின்னாடி எப்படி எடுக்கறது? ஜனம் நிக்குது பாருங்க!"

"எடுங்கன்னு சொல்றேன் இல்ல!"

பஸ்ஸுக்குள் யாரோ என்னைத் திட்டினார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. பின்னால் நின்றவர்களை முருகையன் துண்டை வீசி வீசி விலக்கினார். டிரைவர் ஏதோ முனகிக்கொண்டே ரிவர்ஸ் போட்டார். இன்ஜின் உறுமியது. சக்கரம் பின்னால் உருள, பாலம் என் காலடியில் ஒரு முறை நடுங்கியது.

சுவரில் டிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

பஸ் இறங்கிவிட்டது. நான் அப்படியே தார் ரோட்டில் உட்கார்ந்தேன். முருகையன் சுவரோரம் குந்தி, உடைந்து விழுந்ததைத் துண்டில் பொறுக்க ஆரம்பித்திருந்தார்.

"நான் தொடவேயில்ல மேடம்" என்றார். "மறுபடி உடைஞ்சிடுச்சி."

"அது உடையறதுக்காகத்தான் ஒட்டினது, முருகையன். பாலம் நகருதுன்னா உடையும். உங்களுக்கு நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னுது."

அவர் கை நின்றது. துண்டில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பஸ் ஜன்னல்களில் தெரிந்த முகங்களைப் பார்த்தார்.

"அப்ப மூணு வாட்டியும்..." என்றார்.

அப்போது பாலத்தின் அந்தக் கோடியில், பஸ் நிலையத்துப் பக்கமிருந்து இன்னொரு ஹாரன் கேட்டது. நான் எழுவதற்குள் முருகையன் துண்டை உதறிப் போட்டுவிட்டு எழுந்தார். பொறுக்கியது, பொறுக்காதது எல்லாம் ரோட்டில் சிதறிக் கிடந்தது. அதன் மேலேயே வெறுங்காலோடு, கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.