ஜன்னலோர நாற்காலியும் பக்கத்து நாட்டுச் சட்டமும்

எங்கள் புள்ளிவிவர அலுவலகத்தின் சட்டப் பிரிவில் ஒரே ஒரு ஜன்னல். அதன் ஓரத்தில் என் நாற்காலி. அந்த இடத்தைப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதற்குத்தான் அமைச்சர் ஆப்பு வைத்தார். எந்த நாட்டில் புள்ளிவிவரச் சட்டம் ஒழுங்காக இருக்கிறது என்று ஒரு சர்வதேசக் குழு ஒப்பிட்டு வரிசைப்படுத்தப் போகிறதாம். "பக்கத்து நாட்டுக்குக் கீழ போனோம்னா, உங்க பிரிவே கீழ்த்தளத்துக்கு, ஜெனரேட்டர் பக்கத்துல போயிடும்" என்றார்.

பக்கத்து நாட்டில் இதே வேலையைப் பார்ப்பவர் என் அக்கா கணவர். அத்தான் நல்ல மனிதர்தான். ஆனால் தோற்றால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

குழு அனுப்பிய கேள்விகளுக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதில் எழுதினேன். எண்களில் அமைச்சர் கை வைக்காதபடி சட்டம் தடுக்கிறதா? தடுக்கிறது என்றேன். எங்கள் சட்டத்தில் இல்லாததற்கெல்லாம் பக்கத்து நாட்டுச் சட்டமே செல்லும் என்று முன்பு எவனோ ஒரு சோம்பேறி எழுதிவைத்திருந்தான். எனக்கு வசதியாகப் போயிற்று, அதையே ஆதாரமாகக் காட்டினேன்.

கொஞ்ச நாளில் குழுவின் ஆய்வாளர் அம்மா போன் செய்தார்.

"நீங்க அவங்க சட்டத்தைப் பாருங்கன்னு எழுதியிருக்கீங்க. அதை எடுத்துப் பார்த்தா, உங்க சட்டத்தைப் பாருங்கன்னு இருக்கு. யாராவது ஒருத்தர்கிட்டயாவது சட்டம் இருக்கா, இல்லையா?"

உடனே அத்தானைப் போனில் பிடித்தேன். அவர் அக்காவின் பல் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"அத்தான், நீங்க முதல்ல எழுதுங்க. நான் அதைப் பார்த்து எழுதிக்கிறேன்."

"நானும் அதைத்தாம்மா சொல்ல வந்தேன். நீ எழுது, நான் பார்த்துக்கிறேன்."

பல் டாக்டரான அக்கா போனைப் பிடுங்கினாள்.

"ரெண்டு பேரும் என்னத்தப் படிச்சுக் கிழிச்சீங்க? 'எந்த எண்ணையும் அமைச்சர் மாற்றக் கூடாது. மாற்றச் சொன்னால் அலுவலகம் கேட்கக் கூடாது.' எழுதுங்க. இங்க ஒருத்தர் வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருக்காரு, நான் போகணும்."

எழுதினோம். ஏட்டிக்குப் போட்டியாக இரண்டு சட்டசபைகளும் அவசர அவசரமாக நிறைவேற்றின. எதற்குக் கை தூக்குகிறோம் என்று இரண்டு அமைச்சர்களும் படித்துப் பார்க்கவில்லை.

வரிசை வந்தது. இரண்டு நாடும் ஒரே இடத்தில் இருந்தன. நாங்கள் கீழே போகவில்லை, ஜன்னல் தப்பித்தது என்று நான் துள்ளிக் குதித்தேன்.

அமைச்சர் நேரிலேயே வந்தார். "சமமா? பத்திரிகைக்குப் போற அறிக்கையில நம்மள ஒரு படி மேல போட்டுடும்மா. ஒரே ஒரு எண்ணுதானே."

போட்டிருப்பேன். ஜன்னலுக்காக அதைவிடக் கேவலமானதையும் செய்திருப்பேன். ஆனால் அக்கா சொல்லச் சொல்ல நானே என் கையால் எழுதிய சட்டம் அது. மை காய்வதற்குள் அதை நானே மீறுவதா? கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சட்டம் இடம் கொடுக்காதுங்க. நீங்களே கை தூக்கின சட்டம்."

மறுநாள் என் நாற்காலி ஜெனரேட்டர் பக்கத்தில் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறுதலுக்கு அத்தானுக்குப் போன் போட்டேன். அவர் பேசுவது காதில் விழவில்லை. பின்னால் ஏதோ தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன அத்தான் அங்க சத்தம்?" என்று கத்தினேன்.

"ஜெனரேட்டர்ம்மா" என்று அவரும் கத்தினார். "உங்க அமைச்சர் உன்னைக் கீழ அனுப்பினாராமே. அதைப் பார்த்து எங்க அமைச்சரும் செஞ்சுட்டாரு."