கன்னத்தில் ஒதுக்கிய ரொட்டி

சாலைத் தடுப்புக் கம்பம் இறங்கியிருந்தது. காரின் மூக்கு அதைத் தொடுவதற்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் கண்ணில் பட்டது. பதினொரு மணிக்குக் கிளம்பியபோது வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஒரு மணிக்குள் புரான் என்னும் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. தரையில் கிடந்த பனியெல்லாம் எழுந்து சாலையின் குறுக்கே ஓடியது. பின் இருக்கையில் மகள் இன்ஜூ அழுதுகொண்டிருந்தாள். பிறந்து நாற்பத்தொரு நாள். நேற்று மாமியார் வீட்டில் நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, முதல் முடி கத்தரித்தார்கள். இன்று முதல்முறையாக அவளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். புட்டியில் பால் சில்லிட்டிருந்தது. பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பெட்ரோல் தீர்ந்தால் ஹீட்டரும் நின்றுவிடும்.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள்.

"எந்தக் கிறுக்கன்டா இந்தக் காத்துல..." என்று ஆரம்பித்த ஆள் பின் இருக்கையைப் பார்த்ததும் நிறுத்தினார். "எறங்கு தம்பி. கைக்குழந்தைய வச்சிட்டு வண்டில உக்காந்திருக்கக் கூடாது. வீடு பக்கத்துலதான். கயித்தைப் புடிச்சிட்டே வா."

குரல் அடையாளம் தெரிந்தது. நாற்பத்தொரு நாளுக்கு முன், இதே கம்பத்துக்கு அந்தப் பக்கம், இதே குரல் என்னிடம் புயல் எச்சரிக்கை, சாலை மூடியாச்சு, ரூல்னா ரூல்தான் என்றது. என் மனைவி அகெர்கே பிரசவ வலியோடு பின் இருக்கையில் படுத்திருந்தாள். அவள் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னது. இரண்டு மணி பத்து நிமிடம் நின்றோம். நடுவில் பின்னாலிருந்து ஒரு கறுப்பு ஜீப் வந்தது. கம்பம் ஏறியது, ஜீப் போனது, கம்பம் இறங்கியது. "பெரிய ஆளு போல," என்றாள் அகெர்கே. எனக்குப் புரியும்படி அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார்.

அந்த ஆளின் பெயரைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். சபித். நான்கு பக்கப் புகார், என் கையெழுத்தில், கோட்டின் உள்பையில் இருந்தது. திங்கட்கிழமை கொடுப்பதாக இருந்தேன். அவர் வேலை போனால் வீடும் போகும். வீடு சாலைத் துறையுடையது. அதையும் விசாரித்திருந்தேன்.

குழந்தையைக் கோட்டுக்குள் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நடந்தேன்.

அவர் மனைவி ரௌஷான் எதுவும் கேட்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்து, பசும்பாலில் வெந்நீர் கலந்து புட்டியை நிரப்பினாள். சபித் தொப்பியைக் கழற்றினார். நான் நினைத்திருந்ததைவிட வயதானவர், சிறிய ஆள்.

"பொண்ணா? அப்ப ரூல்படி பாஸ்போர்ட் காட்டச் சொல்லு."

"ரூலு ரூலுன்னு செத்துப் போங்க," என்றாள் ரௌஷான். "குழந்தை பயந்துக்கும்."

சூப்பும் ரொட்டியும் வந்தன. அவர் சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டார். "பத்து நிமிஷத்துல வயித்துக்கு ஏதாவது போகணும். இல்லேன்னா இவ வேற ஆளு பாத்துக்குவா." ரொட்டியைப் பிய்த்து முதல் துண்டை என் பக்கம் நீட்டினார். "எடு தம்பி. குழந்தையோட அம்மா ஊர்லயா?"

"நாப்பத்தொரு நாளைக்கு முன்னால உங்க கம்பத்துக்கிட்டதான் இருந்தா. நீங்க டார்ச் அடிச்சுப் பாத்தீங்க."

அவர் கை நீட்டியபடியே நின்றது. பிறகு துண்டை என் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"மேலேர்ந்து போன் வந்துச்சு," என்றார். "அந்த ஜீப்புக்கு."

"எனக்கும் போன் இருந்துச்சு. ஆம்புலன்ஸுக்கு, நூத்திமூணுக்கு அடிச்சிட்டே இருந்தேன்."

வந்த வீட்டின் ரொட்டியில் வாய் வைக்காமல் எங்கள் பக்கம் யாரும் எழுந்து போவதில்லை. எழுந்து போனால் அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய சாபம் கிடையாது. வாய் வைத்துவிட்டால், பிறகு அந்த வீட்டுக்குக் கெடுதல் செய்யவும் கூடாது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

சூப்பின் மேல் கொழுப்பு உறைந்தது.

"நீங்களாவது சாப்பிடுங்க," என்றாள் ரௌஷான்.

"விருந்தாளி வாய் வைக்கல."

"ஊசி போட்டாச்சு."

"விருந்தாளி வாய் வைக்கலன்னு சொல்றேன்ல."

என் அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது. அடுத்து என்ன வரும் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். முதலில் மேலுதட்டில் வியர்வை. வந்தது. பிறகு விரல் நடுக்கம். கரண்டியைப் பிடித்து மறைக்கப் பார்த்தார். கரண்டி தட்டில் மோதிக் கிணுகிணுத்தது. சுவரில் கடிகாரம் இருந்தது. ஊசி போட்டு இருபத்தைந்து நிமிடம். எனக்கு அவசரமில்லை. நாற்பத்தொரு நாளில் முதல்முறையாக எனக்குள் ஏதோ கதகதத்தது. அடுப்பால் அல்ல.

ரௌஷான் குழந்தையை என் முன்னால் கொண்டுவந்து நின்றாள். "உம் பொண்ணு எங்க வீட்டுப் பாலக் குடிச்சிட்டா தம்பி."

"அது அவ பசி."

அவள் சர்க்கரைக் கட்டியை எடுத்துக் கணவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு திடீரென்று எழுந்தார். மேசையைப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

"ரௌஷான், அந்தப் பொண்ண உள்ள கூட்டிட்டு வா. எவ்ளோ நேரமா வண்டிலயே படுத்திருக்கு பாரு. நான் போய்க் கம்பத்தத் தூக்கறேன்."

"யாருங்க? வெளிய யாருமில்ல. உக்காருங்க."

"டெய்லி சொல்றேன், கேக்க மாட்டேங்கற." வீட்டுச் செருப்புக் காலோடு கதவை நோக்கி இரண்டு அடி வைத்தார். முட்டி மடங்கி, கோட்டு மாட்டும் ஆணிகளுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். கண் என் மேல்தான் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

துண்டை எடுத்து வாயில் போட்டேன். அவர் முன்னால் குனிந்து, வாயைத் திறந்து காட்டினேன்.

"வச்சிட்டாருங்க," என்றாள் ரௌஷான். "பாருங்க, வச்சிட்டாரு."

அதன் பிறகுதான் அவர் உதடு திறந்தது. அவள் சர்க்கரையை உள்ளே தள்ளினாள். இன்னொரு கட்டி. பிறகு ரொட்டி. குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். அவர் மென்றார். நான் மெல்லவில்லை. துண்டைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தேன்.

வெளியே ஹாரன் கேட்டது. பனி தள்ளும் டிராக்டர். எங்கள் ஊர்ப்பக்கம்தான் போகிறதாம். பின்னாலேயே ஒட்டிக்கொண்டால் போய்விடலாம் என்று ஓட்டுநர் கத்தினான். ரௌஷான் அவனிடமிருந்து ஒரு கேன் பெட்ரோல் வாங்கி, காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்று என் வண்டி டேங்கில் ஊற்றினாள். சபித் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, மனைவியின் தோளில் ஒரு கையும் கம்பத்தின் மறுமுனை எடைக்கல்லில் ஒரு கையுமாகக் கம்பத்தைத் தூக்கினார். ரொட்டி கன்னத்திலேயே இருக்க, நான் காரை ஓட்டிக் கடந்தேன்.

வீட்டுக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர். முன்னால் டிராக்டரின் மஞ்சள் விளக்கு சுழல்வது மட்டும் தெரிந்தது. உள்பையில் புகார் உறை நெஞ்சை அழுத்தியது. ரொட்டி ஊறி இனிக்கத் தொடங்கியிருந்தது. துப்ப வேண்டுமானால் ஜன்னலை இறக்க வேண்டும். இறக்கினால் காற்று நேராகப் பின் இருக்கையில் அடிக்கும். கண்ணாடியில் பார்த்தேன். இன்ஜூ தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் வாய் மட்டும் இன்னும் குடித்துக்கொண்டிருந்தது.