ஓடிப்போனவன் வந்தானா?

மாசம் பிறந்தால் போதும், போலீஸ்காரர் திருமூர்த்தியின் சைக்கிள் அஜீஸுன்னிசாவின் வாசலுக்கு வந்துவிடும். "ஏனுங்கம்மா, ஊட்டுக்காரர் வந்தாருங்களா?" என்பார். இவள் கதவோரம் நின்று, "இல்லீங்க" என்பாள். அதை எழுதிக்கொண்டு போய்விடுவார். பாவம், நல்ல மனுஷன்தான். ஆனால் போலீஸ் சைக்கிள் நின்ற வாசலைத் தெருவே பார்க்குமே, அதற்கு அவர் என்ன செய்வார்!

அவள் புருஷன் சனாவுல்லா பம்பாயிலிருந்து போகும் சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஏதோ ஒரு சீமைத் துறைமுகத்தில் இறங்கியவன் திரும்பவில்லை, ஓடிப்போய்விட்டான் என்று கேப்டன் எழுதிக்கொடுத்துவிட்டார். கப்பல் கம்பெனி அதைப் போலீசுக்கு அனுப்பியது. அவன் ஊர் திரும்பினால் உடனே தெரிவிக்க வேண்டியது மனைவியின் பொறுப்பு என்று உத்தரவு.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பனியன் கம்பெனியில் இவளோடு உட்கார்ந்து பிசிறு வெட்டும் மாரக்காள்கூட, "எந்தச் சீமைக்காரி கையில மாட்டுனாரோ உங்க ஊட்டுக்காரரு" என்று சிரித்தாள். அஜீஸுன்னிசாவும் கூடவே சிரித்து வைத்தாள். ஆனால் உள்ளுக்குள் வெந்தாள். அந்த வருஷம் நோன்புப் பெருநாளன்று வேண்டுமென்றே கை நிறைய மருதாணி வைத்து, தலை நிறையப் பூ வைத்து, "நீ எங்கிருந்தாலும் நல்லாவே இருக்க மாட்டே" என்று வாய்விட்டுச் சபித்தாள்.

அடுத்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த பிறகு மூலனூர்க்காரர் ஒருவர் வந்தார். பெயர் நூருல்லா, அதே கப்பலில் வேலை பார்த்தவர், ஒப்பந்தம் முடிந்து அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சனாவுல்லா எங்கயும் ஓடலைங்க தங்கச்சி. மவுத்தாப் போயிட்டாரு."

மீதியைத் தலை குனிந்தபடியே சொன்னார். நடந்தது போன வருஷம், நோன்பு தொடங்குவதற்கு முந்தின மாசம். சரக்குக் குழியை மூடியிருந்த பலகைகள் உளுத்துக் கிடந்தன. மாற்றச் சொல்லி ஆட்கள் கத்தியும் கேப்டன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீ எடுத்துப் போன சனாவுல்லாவின் காலடியில் ஒரு பலகை முறிந்தது. அடியாழத்தில் விழுந்தவர் பிழைக்கவில்லை. குளிப்பாட்டி, தொழவைத்து, கடலில் இறக்கினார்கள். கப்பலில் ஆள் செத்தால் அடுத்த துறைமுகத்தில் எழுதிக்கொடுத்தாக வேண்டும். அதிகாரிகள் வந்து பலகையைப் பார்த்து விசாரித்து முடிக்கிறவரை கப்பல் நகர முடியாது. ஓடிப்போனான் என்று எழுதினால் ஒரு தொல்லையும் இல்லை. கேப்டன் அப்படியே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நூருல்லாவும் போட்டார்.

அஜீஸுன்னிசா அழவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டு, அவரைப் பள்ளிவாசல் ஹஸரத் அப்துல் ரவூபிடம் அழைத்துப் போனாள். தன் புருஷன் ஓடுகாலி இல்லை என்று ஊரில் பெரிய மனுஷர் ஒருவராவது கேட்டுக்கொள்ளட்டும் என்ற வெறி அவளுக்கு.

நூருல்லா அங்கேயும் எல்லாவற்றையும் சொன்னார். ஹஸரத் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதையே துறைமுக ஆபீசுக்கும் எழுதிக் கொடுங்கள் என்று அவர் கேட்டதும்தான் நூருல்லாவின் முகம் மாறியது. தன் கையெழுத்தே பொய் என்று தானே சொன்னால், அதற்குப் பிறகு எந்தக் கப்பலில் ஏற முடியும், நாலு பிள்ளைகளுக்கு யார் கஞ்சி ஊற்றுவது என்று அழுதார். மனுஷனைத் திட்டவும் முடியவில்லை. இந்த அளவுக்காவது வந்து சொன்னாரே!

அஜீஸுன்னிசா ஹஸரத் பக்கம் திரும்பினாள். "நான் இத்தா உக்காரணுங்க."

புருஷனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருப்பாள். மருதாணி, பூ கிடையாது. அந்நிய ஆண் முன்னால் வந்து நிற்க வேண்டியதில்லை. யாரும் வந்து கூப்பிடவும் மாட்டார்கள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த நாலு சுவர்தான். போலீஸ் சைக்கிள் வந்தாலும் தெருவே சொல்லும்: உள்ளே இருப்பவள் ஓடிப்போனவனின் பெண்டாட்டி இல்லை, விதவை.

ஹஸரத் தாடியை நீவிக்கொண்டே கணக்குப் பார்த்தார்.

"அது மவுத்தான நாள்ல இருந்து கணக்குங்கம்மா, சேதி தெரிஞ்ச நாள்ல இருந்து இல்ல. அவரு போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. உன்னோட இத்தா எப்பவோ முடிஞ்சு போச்சு."

"நான் உக்காரவே இல்லீங்களே."

அவளுக்குப் பெருநாளன்று சிவந்த கை ஞாபகம் வந்தது. அவர் கடலுக்கடியில் கிடக்க, அந்த நாலு மாசத்தில்தான் பூ வைத்தாள். அந்த நாலு மாசத்தில்தான் சபித்தாள். அடி பாவி, என்று தன்னையே வைதுகொண்டு வீடு வரைக்கும் நடந்தாள். வந்ததும் நிக்காஹ்வில் கட்டிய கருகமணியைத் தானே கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள். மறுநாள் கம்பெனிக்குப் போகாமல் என்ன செய்வாள்? போனாள்.

அடுத்த மாசம் சைக்கிள் வந்தது. அவள் வெளியே வந்துதான் ஆக வேண்டியிருந்தது.

"ஊட்டுக்காரர் வந்தாருங்களா?"

செத்துப்போனார் என்றாள், நடந்ததை எல்லாம் சொன்னாள். திருமூர்த்தி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவள் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்தினார்.

"துறைமுகத்துல இருந்து காயிதம் வராம நான் அப்பிடி எழுத முடியாதுங்கம்மா. வந்தாரு, வரலை, ரெண்டுல ஒண்ணுதான் எழுதோணும்."

அவள் அவர் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"வரலீங்க. இனி வரவும் மாட்டாருங்க."

திருமூர்த்தி முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்.